நடுவீட்டில் யாரும் உட்காருவதில்லை

"ஒரு கொறையும் இல்லைங்க சார், நல்லாத்தான் இருக்கோம்" என்று ஆய்வுக் குழுவிடம் சொல்லிக்கொண்டே முத்துலட்சுமி அக்கா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். மெதுவாகத்தான் இழுத்தார், குழுவில் யாரும் கவனிக்கவில்லை. நான் அந்த ஒற்றை அறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். "அங்க நிக்காதீங்க மேடம், இப்படி ஓரமா வாங்க" என்று என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். அடுத்த நொடி குழுத் தலைவரைப் பார்த்து, "காபி ஆறிப்போவுது, எடுத்துக்கங்க சார்" என்றார்.

இந்த வேலையில் எனக்கு உருப்படியான யோசனை ஒன்று வந்திருக்கிறது என்றால் அது அந்த நேரத்தில் வந்ததுதான். சுவரோரம் ஒதுங்கி நின்று அறையைப் பார்த்தேன். அதிகாரிகளுக்காகப் போட்ட மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளும் சுவரை ஒட்டியிருந்தன. கட்டில், பீரோ, தையல் மிஷின், டேபிள் ஃபேன் எல்லாமே சுவரோடு சுவராக நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மூன்று பேர் கால் நீட்டிப் படுக்கவே இடம் பற்றாத வீடு அது. அதன் நடுவில், ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு, தரை சும்மா கிடந்தது. நிமிர்ந்து பார்த்தேன். புதுச் சுண்ணாம்பில் பளீரென்று கூரை. நடுவில் ஒரு கொக்கி. அதில் மின்விசிறி இல்லை.

சுண்ணாம்பு எதையும் சொல்லவில்லை. அந்தக் காலித் தரை எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள்தான் அங்கே இல்லை.

குடியிருப்பு மக்களுக்கும் அரசு அலுவலகத்துக்கும் நடுவில் நிற்கும் நம் வேலையில் இந்த வருடம் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். பணி அனுபவம் எழுதுவது ஓய்வு பெற்றவர்களின் வழக்கம் என்பது தெரியும். எனக்கு வயது முப்பத்தொன்று. ஆனால் என்னுடையது ஒப்பந்தப் பணி. வருடா வருடம் ஓய்வு பெற்று மறுபடி சேர்கிறேன். அந்தக் கணக்கில் எனக்கும் தகுதி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். சமூகப் பணி படித்துவிட்டு வந்த முதல் வருடம் குடியிருப்புகளின் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுவேன். இப்போது மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்குகிறேன். அதில் ஒரு லாபமும் உண்டு. நின்றால்தான் மனிதர்கள் பேச்சுக் கொடுக்கிறார்கள்.

நான் சொல்லும் குடியிருப்பு திருவாரூர் ஓரத்தில், வயலும் ஊரும் முட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருந்தவர்களுக்காக ஒரு தலைமுறைக்கு முன் அரசு கட்டிக் கொடுத்த வீடுகள். அன்று குடிவந்தவர்கள் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். இன்று அவர்களின் பிள்ளைகள் மருந்துக் கடையில், வங்கியில், வளைகுடாவில் இருக்கிறார்கள். மனிதர்கள் மேலே வந்துவிட்டார்கள், கட்டடம்தான் கீழே போய்க்கொண்டிருக்கிறது.

திட்டத்தைப் பற்றிப் பயிற்சியில் நாள்கணக்கில் சொல்லியிருப்பார்கள். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். இப்படிப்பட்ட பழைய குடியிருப்புகளுக்கு அரசு நிதி இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, பழுதுபார்ப்பதற்கு: பூசலாம், வண்ணம் அடிக்கலாம், குழாய் மாற்றலாம். மற்றது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதற்கு. எந்தக் கட்டடத்துக்கு எது என்று ஆய்வுக் குழு வந்து பார்த்துச் சொல்லும். இரண்டாவது வகை நிதியைக் கேட்கும் ஊர்கள் அதிகம், கிடைக்கும் ஊர்கள் கொஞ்சம். அதனால் அதிகம் சிதைந்த கட்டடத்துக்கே முதலிடம்.

காகிதத்தில் இது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சிதைந்ததை யாராவது காட்ட வேண்டும் அல்லவா? அந்த வீட்டில் சமைத்து, படுத்து, பிள்ளை வளர்க்கிறவர்கள்தான் காட்ட வேண்டும். அதையும் காரில் வந்து இறங்கும் முன்பின் தெரியாதவர்களிடம் காட்ட வேண்டும். இந்த ஒரு விஷயத்தை நிதி ஒதுக்குகிறவர்கள் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நானும் அதுவரை யோசித்ததில்லை.

போன வருடம் ஐப்பசி மழையில்தான் அந்தக் குடியிருப்பின் பி பிளாக்கை முழுதாகப் பார்த்தேன். மேல்மாடி வீடுகளில் வாளியும் குண்டானும் வரிசையாக வைத்திருந்தார்கள். படிக்கட்டுச் சுவரில் என் விரல் நுழையும் அளவுக்குப் பிளவு. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தேன். இடித்துக் கட்டக் கேட்கலாம் என்று வீடு வீடாகப் பேசினேன். "இடிச்சா திரும்பக் குடுப்பாங்கன்னு யாரு கையெழுத்து போடுவா, நீங்களா?" என்று கேட்டார்கள். ஒப்பந்தக்காரி என்ன கையெழுத்துப் போடுவது? கீழ்த்தளத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஜமால் பாய்தான் தன் கடை வாசலில் ஒவ்வொருவராகப் பிடித்து நிறுத்திப் பேசிச் சம்மதிக்க வைத்தார். எல்லாரும் ஒத்துக்கொள்ளக் கார்த்திகை முடிந்துவிட்டது.

ஆய்வுத் தேதி மேலிருந்து வந்தது. பொங்கல் முடிந்த கையோடு. "பெரிய அதிகாரிங்க வராங்க, எல்லாரும் வீட்ல இருங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று காலை பிளாக்குக்குள் நுழைந்ததும் சுண்ணாம்பு வாசனை மூக்கில் ஏறியது. படிக்கட்டுச் சுவரெல்லாம் வெள்ளை. நிலைப்படிகளில் மஞ்சள், குங்குமம், காய்ந்த மாவிலைத் தோரணம். மாடிக்கு மாடி கலர்க் கோலம். என் விரல் நுழைந்த பிளவைத் தேடினேன். வெள்ளை சிமெண்டால் அடைத்து, மேலே சுண்ணாம்பு பூசி, பக்கத்தில் ஒரு சாமி காலண்டரும் மாட்டியிருந்தார்கள். ஜமால் பாயின் கடையும் பளபளத்தது.

"என்ன பாய் இது, நீங்களுமா?"

"பொங்கலுக்கு எல்லாரும் அடிச்சாங்கம்மா. பிளாக்கே பளிச்சுன்னு இருக்கறப்ப என் கடை மட்டும் அழுக்கா நின்னா நல்லாவா இருக்கும்? சுண்ணாம்பு மிச்சம் இருந்துச்சு, அடிச்சுட்டேன்."

"பாய், கட்டடம் வீணாப்போச்சுன்னு காட்டத்தானே இவங்கள வரச் சொன்னோம்?"

பாய் தாடியைத் தடவினார். அந்தக் கோணம் அவருக்கு அப்போதுதான் தட்டுப்பட்டது போலிருந்தது. "அது சரிதாம்மா. ஆனா பெரிய மனுசங்க வராங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? வர்றவங்க முன்னாடி எப்படிம்மா அப்படியே போட்டு வைக்கிறது?"

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பெரிய அதிகாரிகள் வருகிறார்கள் என்றேன். விருந்தாளுக்கு வீட்டை எப்படி வைப்பார்களோ அப்படி வைத்தார்கள்.

குழு கீழ்த்தளத் தூண்களைத் தட்டிப் பார்த்தது. தூண்கள் பிழைத்துக்கொண்டன. மேல்மாடியில் முதலில் கதவு திறந்த வீடு முத்துலட்சுமி அக்காவுடையது. ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர், அன்று விடுப்பு எடுத்திருந்தார். கணவர் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குபவர். சம்பா அறுப்பு நேரம் என்பதால் அவர் வீட்டில் இல்லை. காபி, முறுக்கு, நறுக்கிய கரும்பு. அந்த உபசரிப்புக்கு நடுவில்தான் என் முழங்கை இழுக்கப்பட்டது. குழு வேறு எந்த மேல் வீட்டுக்கும் போகவில்லை, வயிறு நிறைந்துவிட்டது. தலைவர் இறங்கும்போது மகிழ்ச்சியாகச் சொன்னார்: "ஜனங்க நல்லா மெயின்டெயின் பண்றாங்கம்மா. நம்ம ஆபீஸ் இவ்ளோ சுத்தமா இல்ல."

முடிவு வந்தது: பழுதுபார்த்தால் போதும்.

எனக்கு மேலே இருந்த பொறியாளர் அதிகம் பேசாதவர். முடிவைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஒரு வழி இருக்கு. மறு ஆய்வு கேக்கலாம். ஒருத்தர் வருவாரு. போன தடவ மேல எந்த வீட்டுக்குள்ள போனாங்களோ அதே வீட்டத்தான் பாப்பாரு. அந்த வீட்டு சீலிங்க கொத்தி வுட்டா உள்ள கம்பி தெரியும். அது இருக்கற லட்சணத்தப் பாத்தாருன்னா மறுபேச்சு கெடையாது."

"கொத்திட்டு உடனே பூசிடலாமா சார்?"

"கமிட்டி முடிவு வர்ற வரைக்கும் தொறந்துதான் கெடக்கணும். மார்ச்சுக்குள்ள வந்துரும்."

வெள்ளிக்கிழமை வருவார் என்று தகவல் வந்தது. அந்த வாரத்தில் இன்னொரு தேதியும் இருந்தது. முத்துலட்சுமி அக்காவின் மகள் ரம்யாவுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை கை நனைக்க வருகிறார்கள். உங்களில் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: சம்பந்தம் பிடித்துப்போனால்தான் பெண் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். வீட்டைச் சுற்றிப் பார்ப்பதும் அன்றுதான்.

கூரையைக் கொத்தும் பேச்சும் அக்கா தயங்குவதும் பரவியதும் மாலையில் படிக்கட்டிலேயே கூட்டம் கூடிவிட்டது. முத்துலட்சுமி அக்கா கடையிலிருந்து வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றார். எதிர் வீட்டுச் சந்திரா ஆரம்பித்தார்.

"ஒன் வீட்டு சீலிங்கு ஒண்ணுக்காக நாப்பது வீடும் ஒக்காந்திருக்கணுமாக்கா?"

"ஒன் மவளப் பாக்க வந்தப்ப நீ மொட்ட மாடி வரைக்கும் கோலம் போட்டியே சந்திரா, நான் எதாவது சொன்னனா?"

சிரித்துவிட்டார்கள். சந்திரா விடவில்லை. "கோலந்தானே போட்டேன், பிளாக்கையா நிறுத்தி வச்சேன்?"

ஜமால் பாய் நடுவில் வந்தார். "சம்பந்தி வீட்டுல உள்ளத சொல்லிருங்களேம்மா. கவர்மெண்டுல இடிச்சுப் புதுசா கட்டித் தரப் போறாங்க, அதுக்காகக் கொத்தி வச்சிருக்குன்னு?"

"கட்டித் தரப் போறாங்கன்னு நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து யாராச்சும் சொல்லிட்டுத்தான் இருக்காங்க பாய். சம்பந்திகிட்ட இத சொன்னா வாயாலயா சிரிப்பாங்க? அவங்க கூத்தாநல்லூர் பக்கம், சொந்த வீடு. எலைல ஒக்காந்து மேல பாத்தா துருப்புடிச்ச கம்பி எட்டிப் பாக்கணுமா?"

பிறகு என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"மேடம், படிச்சவங்க நீங்க, ஒண்ணு சொல்லுங்க. எங்க வீட்ட கேவலமா காட்டுனாத்தான் ஒங்க பணம் வருமா? நல்லா வச்சிருந்தா வராதா?"

இந்தக் கேள்வியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் இது வந்திருக்காது.

வியாழக்கிழமை காலை பொறியாளர் ஒரு கொத்தனாரை அனுப்பி வைத்தார். சுத்தியும் உளியும் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் வர, நான் மூன்று மாடி ஏறினேன். பேசிச் சம்மதிக்க வைக்க நாலைந்து வாதங்களை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டே போனேன். நாற்பது வீடு, குழந்தைகள், மழைக்காலம், மறுபடி எப்போது நிதி வரும் என்று தெரியாது. எல்லாமே உண்மையான வாதங்கள்.

கதவைத் திறந்ததும் அவை தேவைப்படாது என்று தெரிந்தது. கட்டில் மேல் பழைய சேலையை விரித்து மூடியிருந்தார். தையல் மிஷினையும் பீரோவையும் பிளாஸ்டிக் உறையால் போர்த்தியிருந்தார். கொத்துவதற்கு வீடு தயாராக இருந்தது. ரம்யா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள்.

"வேணாம்னு நான் சொன்னா பிளாக்கு பூரா காலத்துக்கும் என்னத்தான் சொல்லும்" என்றார் முத்துலட்சுமி அக்கா. "கொத்துங்கன்னும் என் வாயால வராது. நீங்களே சொல்லுங்க மேடம். நீங்க கொத்தச் சொன்னா அவரு கொத்தட்டும்."

"அம்மா, நான் வேணா அவங்க வீட்டுக்குப் போன் பண்ணி முன்னாடியே சொல்லிடட்டா?" என்றாள் ரம்யா.

"நீ சும்மா இரு."

கொத்தனார் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடுவீட்டுக்கு வந்தார். "அண்ணே, அங்க நிக்காதீங்க" என்றார் அக்கா, யோசிக்காமலே. கூரையைக் கொத்த வந்தவரிடம்.

அவ்வளவு அழுத்தத்தில் ஒரு முடிவு எடுக்கும்போது மனத்தில் பெரிய தத்துவம் எதுவும் ஓடாது. நான் பார்த்தது ஒன்றைத்தான். அவர் சம்மதிக்கவில்லை. அலுத்துப்போய் முடிவை என் கையில் கொடுத்துவிட்டார். இரண்டும் ஒன்றல்ல. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், நம் வேலையின் பாதிக் குழப்பம் அதில்தான் இருக்கிறது. கூட்டத்தில் கை தூக்குகிறவர்களில் எத்தனை பேர் சம்மதித்துத் தூக்குகிறார்கள், எத்தனை பேர் அலுத்துப்போய்த் தூக்குகிறார்கள் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கொத்தனாரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அது சரியா என்று கேட்காதீர்கள். மேல்மாடியில் தூங்கும் குழந்தைகளை நினைத்தால் தப்பு. அடுப்படி நிலையில் சாய்ந்து நின்ற ரம்யாவை நினைத்தால் சரி. இரண்டையும் ஒரே நாளில் நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன், இன்னும் பழகவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தவர் நல்ல மனிதர். சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து நான் எடுத்த ஐப்பசிப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "வாளி தெரியுது, ஈரம் தெரியுது. ஆனா இது எந்த வீடு, எந்த பிளாக்குன்னு நாளைக்கு யாராச்சும் கேட்டா நான் என்னம்மா சொல்றது? இங்க பாத்தா வெள்ளவெளேர்னு இருக்கு."

"சார், இந்த வீட்ல நடுவுல யாரும் உக்கார மாட்டாங்க, படுக்க மாட்டாங்க. மேல் வீடு எல்லாத்துலயும் அப்படித்தான் இருக்கும்னு நெனைக்கிறேன். ஒரு தடவ போய்ப் பாக்கலாம் சார்."

அவர் சிரித்தார், கிண்டலாக இல்லை. "அத எழுதறதுக்கு எங்கிட்ட இடம் இல்லம்மா."

புதுக் கட்டடத்துக்கான நிதி வேறு ஊருக்குப் போனது. சந்திரா முத்துலட்சுமி அக்காவிடம் பேசுவதை நிறுத்தினார். என்னிடமும் பலர் பேசவில்லை. படியேறும்போது முன்பெல்லாம் திறந்திருக்கும் கதவுகள் பாதி சாத்தியிருந்தன. ஜமால் பாய் மட்டும், "டீ குடிங்கம்மா, கோவம் ரம்ஜான் வரைக்குங்கூட தாங்காது" என்றார்.

அதெல்லாம் பிறகு. அந்த வார ஞாயிற்றுக்கிழமை என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். போனது நல்லதாயிற்று. முழங்கையைப் பிடித்து இழுத்தபோது வந்த யோசனை அன்றுதான் உறுதியானது.

மாப்பிள்ளை வீட்டார் எட்டுப் பத்துப் பேர் வந்திருந்தார்கள். இலைகளைச் சுவரோரமாகவே வளைத்துப் போட்டிருந்தார் அக்கா. ஒருவர் முழங்கை இன்னொருவர் இலையில் இடித்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் கொஞ்சம் பருத்தவர், நெருக்கத்தில் நெளிந்தார். "ஏம்மா, நடுவுல இவ்ளோ எடம் கெடக்கே, என் எலய அங்க போடு. பொண்ணு வீட்டுல எங்கள செவுத்தோட ஒட்ட வச்சுப் பாக்கறீங்களா?" என்று இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

முத்துலட்சுமி அக்கா சாம்பார் வாளியோடு குறுக்கே வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்க்கும் இடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். "அண்ணே, அங்க காத்தே வராது, வேர்த்து ஊத்தும். ஃபேனு இந்தப் பக்கந்தான் திரும்பும். இப்படி ஒக்காருங்கண்ணே, ஒங்களுக்குத்தான் மொத வட" என்று சிரித்தபடியே அவர் கையிலிருந்த இலையை வாங்கிச் சுவரோரம் போட்டார். தாய்மாமன் வடைக்காக உட்கார்ந்தார். கை நனைத்தாயிற்று. சம்பந்தம் முடிவாயிற்று.

அந்தக் கூரை எந்த இடத்தில் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வாயால் சொல்ல மாட்டார்கள், சொன்னால் மானம் போகும். ஆனால் விருந்தாளைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் அந்த அறிவு தானாக வெளியே வந்துவிடுகிறது. ஆய்வுக் குழு தட்டிப் பார்த்து, அளந்து பார்த்துக் கண்டுபிடிக்காததை ஒரு சாப்பாட்டு இலை சொல்லிவிட்டது.

பழுதுபார்ப்பு நிதி வந்தது. வெளிச்சுவருக்கு இளஞ்சிவப்பு வண்ணம் அடித்தார்கள், குழாய் மாற்றினார்கள், மேல்மாடிக் கூரைகளில் அங்கங்கே பூசினார்கள். சித்திரை வெயிலில் ஒரு நாள் மத்தியானம் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"விழுந்துருச்சு மேடம்."

"யாருக்காவது..."

"அங்க யாரு இருக்கப் போறா?"

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். ஓடிப்போய்ப் பார்த்தேன். நடுவீட்டுக் கூரை அம்மிக்கல் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்திருந்தது. அதற்குள் பெருக்கி அள்ளி வாசல் மூலையில் குவித்தும் வைத்துவிட்டார். வீட்டில் எதுவும் உடையவில்லை. உடைவதற்கு நடுவீட்டில் எதுவும் இல்லை. ஆபத்தைக் குடும்பம் முழுவதும் அப்படிப் பாடம் பண்ணி வைத்திருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகாததால் அது அவசரமும் ஆகவில்லை. ஆவணியில் ரம்யாவுக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் அக்கா சொந்தச் செலவில் பூசி, மேலே ஒரு கோட்டிங்கும் அடித்துவிட்டார். கூரை மறுபடி வெள்ளை.

அதற்குப் பிறகு நான் வீடுகளைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. உங்களுக்குச் சொல்ல நினைப்பதும் இதைத்தான். சுவரைப் பார்க்காதீர்கள், சுவருக்கு எந்த நேரமும் சுண்ணாம்பு கிடைக்கும். பாயை எங்கே விரிக்கிறார்கள், எங்கே விரிப்பதில்லை என்று பாருங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கூரைக் கொக்கி சும்மா இருக்க, தொட்டிலை அடுப்படி நிலையில் கட்டியிருக்கிறார்கள் என்றால் ஏன் என்று யோசியுங்கள். சந்திரா வீட்டில் பேரக் குழந்தைக்கு அப்படித்தான் கட்டியிருக்கிறது. அவர் என்னிடம் பேச ஆரம்பித்த பிறகுதான் உள்ளே போய்ப் பார்த்தேன். கேட்டதற்கு, "அங்க கட்டுனாத்தான் புள்ள தூங்குது" என்றார். அந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்காக அவர்களைப் பொய்யர்கள் ஆக்கிவிடவும் வேண்டாம்.

இந்த வருடம் மறுபடி விண்ணப்பித்திருக்கிறோம். தேதியில் மட்டும் நான் விடவில்லை. தை வேண்டாம், ஐப்பசியில்தான் குழு வர வேண்டும், மழையில் வர வேண்டும் என்று பொறியாளரிடம் நச்சரித்தேன். "மழையில யாரும்மா கார விட்டு எறங்குவா?" என்று அலுத்துக்கொண்டவர், எப்படியோ வாங்கிக் கொடுத்துவிட்டார். மழையில் சுண்ணாம்பு தங்காது, பொங்கலும் கிடையாது. இந்த முறை ஜெயித்துவிட்டோம் என்ற தெம்பில் போன வாரம் படியேறிப் போனேன்.

"அக்கா, ஐப்பசியில வராங்க. இந்தத் தடவ தயவுசெஞ்சு வெள்ளையடிச்சுடாதீங்க."

முத்துலட்சுமி அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ரம்யாவுக்குத் தல தீபாவளி மேடம். ஐப்பசியிலதான் வருது. மாப்ள வர்றாரு. வெள்ளையடிக்காம எப்படி?"

படியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது. வருடத்தில் எந்த மாதத்தைப் பிடித்தாலும் இவர்களுக்கு யாராவது விருந்தாள் வந்துவிடுகிறார்.

"சரி, அடிச்சுக்கங்க. ஆனா ஒண்ணு. குழு வர்ற அன்னிக்கு மூணு நாற்காலியையும் நான் நடுவீட்டுல போடப் போறேன்."

"எதுக்கு?"

"அவங்கள அங்க உக்கார வைக்க."

"நீங்க போடுங்க. நான் நகத்திப் போட்டுருவேன்."

"அவங்க கண்ணு முன்னாடியேவா?"

"பின்ன? நம்பி வீட்டுக்கு வந்தவங்கள அங்கயா ஒக்கார வைப்பாங்க?"

கோபமாகத்தான் கேட்டார். எனக்கு வேண்டியது அந்தக் கோபம்தான். அவர் ஒரு குறையும் சொல்ல வேண்டாம். எதையும் கொத்த வேண்டாம். கூரை எவ்வளவு வெள்ளையாக வேண்டுமானாலும் இருக்கட்டும். நான் நடுவில் போடுவேன், அவர் சுவரோரம் இழுப்பார். குழுவில் ஒருவராவது ஏன் என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால், கேட்கும் வரை நான் மறுபடியும் நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டே இருப்பேன்.